நாலு நாட்டுக்குத்தான் இடம்

நான் வரைந்த சோழ வீரன் ஒரு பொட்டுக்கடலை உயரம்தான் இருந்தான். அன்றைய செல்போன் திரையில் அதற்குமேல் இடம் கிடையாது. வெற்றுடம்பு, இடுப்பில் வேட்டி, கையில் வேல், ஒருபக்கம் சாய்ந்த கொண்டை. அந்தக் கொண்டையை மட்டும் எத்தனையோ தடவை அழித்து அழித்து வரைந்தேன். இப்போதெல்லாம் போன் விளையாட்டில் குதிரையின் பிடரிமயிர்கூடத் தனித்தனியாக அசைகிறது. அதைப் பார்க்கும்போது எனக்கு அந்தச் சில புள்ளிகள் நினைவுக்கு வரும். கூடவே எங்கள் மேடமும்.

சுனாமிக்கு மறுவருடம் அவரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். மரக்காணத்தில் அவருடைய அப்பாவுக்கு உப்பளம் இருந்தது. சென்னையில் பார்த்த வேலையை விட்டுவிட்டு வந்தவர், வீட்டு மாடியில் சில கம்ப்யூட்டர்களைப் போட்டு, ஒரு வெளிநாட்டுக் கம்பெனிக்கு செல்போன் விளையாட்டுகள் செய்து கொடுத்துக்கொண்டிருந்தார். நான் கிளியனூரிலிருந்து பஸ்ஸில் போய்வருவேன். படம் வரைவது என் வேலை. அந்த வருடம் வந்தது ஒரு போர் விளையாட்டு. ஊர் கட்டி, பயிர் விளைத்து, படை சேர்த்து, பக்கத்து நாட்டைப் பிடிக்க வேண்டும். போனின் மெமரியில் நாலு பழைய நாடுகளுக்குத்தான் இடம். ரோம், சீனா, எகிப்து மூன்றும் கட்டாயம் என்று கம்பெனிக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். நாலாவது எங்கள் விருப்பம். மேடம் யோசிக்கவே இல்லை, சோழர் என்றார். அந்த வேலையை அவர் ஒப்புக்கொண்டதே அதற்காகத்தான்.

பெயரைப் படிக்காமலே யார் எந்த நாட்டுக்காரன் என்று தெரிய வேண்டும் என்பது அவருடைய கண்டிப்பு. அதுவும் வெயிலில் தெரிய வேண்டும். ஒருநாள் உச்சிவேளையில் எங்களை உப்பளத்துக்குக் கூட்டிப் போனார். சுற்றிலும் உப்பின் வெள்ளையில் கண் கூசியது; போன் திரை பாதி வெளுத்துப்போனது. கொட்டகை நிழலில் சாப்பிட உட்கார்ந்திருந்தவர்களிடம் போனைக் கொடுத்து, வீரர்களைப் பிரித்துக் காட்டச் சொன்னார். ரோமானியனின் சிவப்புத் துணியையும் சீனனின் தொப்பியையும் எல்லோரும் சட்டென்று பிடித்துவிட்டார்கள். மற்ற இருவரிடம் வந்ததும் ஒரு பெண் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இவங்க ரெண்டு பேரும் அண்ணன் தம்பியாங்க? ஒரே மாதிரி இருக்குறாங்க.”

எகிப்தியனும் வெற்றுடம்பு, இடுப்புத்துணி, கையில் ஈட்டி. என் கொண்டை வெயிலில் காணாமல் போயிருந்தது. அடுத்து வாங்கிப் பார்த்தவர்களும் அதையேதான் சொன்னார்கள்.

திரும்பி வந்து மாடிப்படி ஏறும்போது மேடம், “சோழர எடுத்துடலாம்” என்றார்.

எகிப்தை எடுங்கள் என்று நான் சத்தம் போட்டேன். அதை அவர் முன்பே கேட்டுப் பார்த்திருக்கிறார். பிரமிடு இல்லாமல் விற்காது என்று கம்பெனி மறுத்துவிட்டதாம். “சண்டையில யாரு நம்ம ஆளுன்னே தெரியலன்னா ஆடறவன் போனை மூடி வெச்சிட்டுப் போயிடுவான்” என்றார். குரலில் வருத்தம் எதுவும் காட்டவில்லை. அதுதான் எனக்கு ஆத்திரமாக இருந்தது. அந்த இடத்துக்கு மங்கோலியர் வந்தார்கள்; குதிரைமேல் இருப்பதால் குழப்பம் கிடையாது. வேண்டாவெறுப்பாகக் குதிரைகள் வரைந்தேன். வேலை விஷயம் தவிர அவரிடம் பேசவில்லை. அவரும் என்னைச் சமாதானப்படுத்த வரவில்லை.

எல்லாம் முடியும் நேரத்தில் மெமரியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. ஒரு நாட்டுக்குப் போதாது, ஒரு கப்பலுக்குப் போதும். சோழருக்காக நான் வரைந்து வைத்திருந்த கப்பலை மேடம் கேட்டார். அதற்குக் கொடி இல்லை, படை இல்லை. எந்த நாட்டுத் துறைமுகத்துக்கும் வரும், சரக்கை இறக்கிவிட்டுப் போகும். அதை யாரும் மூழ்கடிக்க முடியாது என்று விதி வைத்தார். பெயர்கூட இல்லாத சோழரா என்று கேட்டேன்.

“எடம் இருக்கற அளவுக்கு ஏத்தி அனுப்பறேன்” என்றார்.

அன்றைக்குத்தான் அவருக்கும் வலித்திருக்கிறது என்று தெரிந்துகொண்டேன்.

விளையாட்டு வெளியான சில மாதங்கள் கழித்துக் கம்பெனியிலிருந்து மெயில் வந்தது. ஆடுகிறவர்கள் அந்தக் கப்பலுக்காகக் காத்திருக்கிறார்களாம். கப்பலில் வருகிறவர்கள் யார், அடுத்த விளையாட்டில் தனி நாடாகச் சேர்க்க முடியுமா, பெயர் என்ன என்று கேட்டிருந்தார்கள். மேடம் தன் நாற்காலியிலிருந்து எழுந்து என்னை உட்காரச் சொன்னார். ஆங்கிலத்தில் பாதிப் பெயரை அடித்துவிட்டு ‘ழ’வில் நின்றேன். எல் போட்டால் அவர்களுக்குச் சுலபம் என்றேன்.

“இசட் எச் போடு. வாயில வரலன்னா கேக்கட்டும், சொல்லித் தரலாம்.”

அப்படியே அடித்து அனுப்பினேன்.