இருநூறு மணி நேரத்துக்கு எந்த வழி

என் தம்பி மகள் சிறிய விமானங்களுக்குப் பெட்ரோல் போடுகிறாள். விமானத் திடலில் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'லிட்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில், மீட்டர் காட்டியதற்கும் விமானி சொன்னதற்கும் இரண்டு லிட்டர் வித்தியாசம் வந்ததென்று அவரை இருபது நிமிடம் நகரவிடாமல் நிறுத்திவைத்தாள். அன்றைக்கு ஒட்டிய பெயர். இப்போது அவளுக்கு வயது இருபத்தொன்பது. அந்த வேலையில் ஏழு வருடம் நான்கு மாதம்.

வண்டியை இறக்கைக்கு எதிரே நிறுத்தியதும் முதலில், தீப்பொறி வராமலிருக்க எர்த் வயரை விமானத்தில் மாட்டுவாள். அதை மாட்டாமல் குழாயைத் தொட மாட்டாள். ஏணி போட்டு ஏறி, இறக்கைமேல் உள்ள மூடியைத் திறந்து, குச்சி விட்டு அளவு பார்ப்பாள். போட்டு முடித்த பிறகு டேங்கின் அடியிலிருந்து ஒரு கண்ணாடிக் குப்பியில் கொஞ்சம் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் முத்து முத்தாக நிற்கும். கடைசியில் சீட்டு: விமானத்தின் எண், நேரம், லிட்டர், கையெழுத்து. மேல் தாள் விமானிக்கு, கார்பன் பிரதி கிடங்குக்கு.

இப்படி ஏழு வருடம் அடுத்தவர்களை மேலே அனுப்பியவள், இந்த வருடம் விமானிகளுக்கான மருத்துவப் பரிசோதனைக்குப் போனாள். கண், காது, இதயம் எல்லாவற்றிலும் முதல் தடவையே தேறினாள். பணமும் சேர்த்து வைத்திருந்தாள். மிச்சம் இருந்தது ஒரே கேள்வி. பயணிகள் விமானம் ஓட்டும் உரிமத்துக்கு இருநூறு மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அந்த இருநூறு மணி நேரத்துக்கு எந்த வழியில் போவது?

வழி இரண்டு. இரண்டும் அதே திடலில்தான் இருந்தன. கிழக்குப் பக்கம் அகாடமி: வேலையை விட்டுவிட்டு முழுநேரமாகச் சேர வேண்டும், பாடமும் பறத்தலும் சேர்த்துப் பதினெட்டு மாதத்தில் முடித்துத் தருவதாகச் சொன்னார்கள். மேற்குப் பக்கம் கிளப்: வேலையில் இருந்துகொண்டே ஒவ்வொரு படியாக ஏறலாம். முதலில் சொந்த உபயோகத்துக்கான உரிமம், அப்புறம் மணிக்கணக்கைச் சேர்ப்பது, அப்புறம் பரீட்சைகள். எத்தனை வருடம் ஆகும் என்று அங்கே யாரும் சொல்வதில்லை. அகாடமியில் ஒரு இடம் காலியாக இருந்தது. வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் சரி என்று சொல்லாவிட்டால் அது அடுத்தவருக்குப் போய்விடும். அகாடமியில் சேர்ந்து, அது சரிப்படாமல் போனால் திரும்பி வர இந்த வேலையும் இருக்காது.

புதன்கிழமை சாயங்காலம் அவர்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தோம். அவள் கணவர் பல்செட் செய்கிறவர். சாப்பாட்டு மேசை ஓரத்தில் யாரோ ஒருவருடைய கீழ்த்தாடையின் அச்சு காய்ந்துகொண்டிருந்தது.

"அகாடமிதான்னு முடிவு பண்ணிட்டேன்," என்றாள். "வாரத்துக்கு அஞ்சு நாள் பறக்கலாமாம். யூனிஃபார்முக்கு அளவுகூட எடுத்தாச்சு."

"அஞ்சு நாள்னு யாரு சொன்னா?" என்றார் அவர்.

"அட்மிஷன் மேடம்."

"பல்லு கட்ட வர்றவங்ககிட்ட நானும்தான் சொல்றேன், கல்லைக்கூடக் கடிக்கலாம்னு."

"எப்பப் பாரு கிண்டல். பெரியப்பா, இவரைக் கொஞ்சம் கேளுங்க."

"கிண்டல் இல்லம்மா," என்றார் அவள் கணவர். "அவங்க பிளேன் பறக்கணும்னா உன்கிட்ட வந்துதானே வாயைத் திறக்கணும்? அது பறக்குதா தூங்குதான்னு என்னையா கேக்கணும்?"

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். பிறகு, "ரெண்டு மாசச் சீட்டு கிடங்குல இருக்கு," என்றாள். முகம் சிவந்துவிட்டது. அன்றைக்கு மீதிச் சாப்பாட்டை அவள் சாப்பிடவில்லை.

வியாழக்கிழமை அவளுக்கு விடுமுறை. ஆனாலும் காலை எட்டு மணிக்கே கிடங்குக்குப் போய் மேற்பார்வையாளரிடம் அனுமதி கேட்டாள். "பாரு, எழுதிக்கோ. தாள் ஒண்ணுகூட வெளிய போகக் கூடாது. லீவு நாள்லயும் வந்து சீட்டு எண்ணுற ஆளை இப்பதான் பாக்கறேன்," என்றாராம். அறுபது நாள் சீட்டுகளையும் நோட்டில் பிரதி எடுத்துக்கொண்டு மூன்று மணி பத்து நிமிடத்துக்கு என் வீட்டுக்கு வந்தாள். காலம் முழுக்கப் பதிவேடு எழுதியவன் என்பதால், கூட்டிப் பார்க்க என்னைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டாள்.

நான் சீட்டுகளை எண்ணினேன். அகாடமிக்கு ஆறு விமானங்கள், 212 சீட்டுகள். கிளப்புக்கு இரண்டே விமானங்கள், 190 சீட்டுகள். அகாடமி விமானம் ஒன்று அறுபது நாளில் முப்பத்தைந்து தடவைதான் பெட்ரோல் போட்டிருக்கிறது. கிளப் விமானம் தொண்ணூற்றைந்து தடவை. மூன்று மடங்குக்குக் கொஞ்சம் குறைவு. நான் பேனாவை மூடிவிட்டேன்.

"கணக்கு முடிஞ்சதும்மா. அகாடமி பிளேனெல்லாம் நிழல்ல நிக்குது."

அவள் நோட்டைப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்தவே முடியவில்லை.

"பெரியப்பா, கிளப் இன்ஸ்ட்ரக்டர் மீசைக்காரரைப் பாத்திருக்கீங்களா?"

"இல்லையே."

"நூத்திப் பத்து கிலோ. ரெண்டு பேர் உக்கார்ற பிளேன்ல அவரும் ஸ்டூடண்டும் ஏறிட்டா முழு டேங்க் போட முடியாது, எடை தாண்டிடும். அதனால ஒவ்வொரு தடவை இறங்கினதும் வந்து கொஞ்சம் போட்டுக்குவாங்க. நீங்க எண்ணினது பறந்ததை இல்ல. அவர் தொப்பையை."

ஐம்பது வருடத்தில் இப்படி ஒரு தப்பு நான் செய்ததில்லை. அதை அவள் கணவரிடம் சொல்ல வேண்டாமென்று கேட்டுக்கொண்டேன். சொல்லிவிட்டாள்.

மறுபடி லிட்டரைக் கூட்டினோம். அகாடமிக்கு 15,900. கிளப்புக்கு 5,700. இரண்டு இடத்திலும் விமானம் மணிக்குச் சுமார் இருபத்தைந்து லிட்டர் குடிக்கும். அப்படியானால் அகாடமி 636 மணி நேரம், கிளப் 228 மணி நேரம். விமானம் ஒன்றுக்கு 106, 114. கிட்டத்தட்ட ஒன்றுதான். அகாடமி விமானங்கள் தூங்கவில்லை. நாற்காலியின் முன்விளிம்புக்கு வந்துவிட்டாள் அவள்.

"இருங்க பெரியப்பா. பிளேனை விடுங்க. எத்தனை பேர் பங்கு போடறாங்க?"

அகாடமியில் நாற்பத்தெட்டு மாணவர்கள் என்று அட்மிஷன் மேடமே பெருமையாகச் சொல்லியிருந்தார். கிளப்பின் பலகையில் பன்னிரண்டு மாணவர்களின் பெயர்கள் இருப்பதை அவள் தினமும் பார்க்கிறாள். இரண்டிலும் அவளைக் கூட்டினோம்: நாற்பத்தொன்பது, பதின்மூன்று. அகாடமியில் இரண்டு மாதத்துக்கு ஒருவருக்குப் பதின்மூன்று மணி நேரம், கிளப்பில் பதினேழரை. இருநூறு மணி நேரம் சேர அகாடமியில் முப்பத்தொரு மாதம், கிளப்பில் இருபத்து மூன்று. அந்த இரண்டு மாதமும் வானம் தெளிவாக இருந்தது என்பதையும் குறித்துக்கொண்டோம். மழைக்காலத்தில் இரண்டு இடத்திலும் குறையும்.

அவள் எழுந்து அறையைக் குறுக்கே நெடுக்கே நடந்தாள். "வேலையில இருந்துக்கிட்டே, எட்டு மாசம் முன்னாடி," என்றாள். மறுபடியும் சொன்னாள். என்னிடம் சொல்வதுபோல் இல்லை.

வெள்ளிக்கிழமை வேலைக்கு லீவு போட்டுவிட்டு, பதினொன்று இருபத்துநாலுக்கு அகாடமிக்குப் போனாள். நடந்ததை அவள் சொன்னபடி எழுதுகிறேன்.

"மேடம், மாசத்துக்குக் குறைஞ்சது பத்து மணி நேரம் பறக்க விடுவோம்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. இப்பவே கையெழுத்துப் போட்டுடறேன்."

"கிளைமேட் இருக்கு, ரிப்பேர் இருக்கு, அதெல்லாம் எப்படிம்மா எழுத முடியும்?"

"அப்ப எட்டு?"

மேடம் உள்ளே போனார். தைத்து முடித்த யூனிஃபார்ம்கள் சுவரில் வரிசையாகத் தொங்கின. அவற்றைத் தைத்த கடையில்தான் அவளும் அளவு கொடுத்திருந்தாள். பதினொன்று நாற்பத்தொன்றுக்கு மேடம் திரும்பி வந்து, அப்படி யாருக்கும் எழுதித் தருவதில்லை என்றார். வெளியே இருபது பேர் காத்திருக்கிறார்கள் என்றும் சொன்னார். ஆறு நிமிடம் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு, "அடுத்தவங்களைக் கூப்பிடுங்க மேடம்," என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

கிளப்பில் மீசைக்காரர் மேசையில் வானிலை அறிக்கை படித்துக்கொண்டிருந்தார்.

"என்ன லிட்டர், நம்ம சீட்டுல ஏதாவது குறையா?"

"சேர வந்திருக்கேன் சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நல்லா கேட்டுக்கோ. வேலை வாங்கித் தர்றோம்னு இங்க யாரும் சொல்ல மாட்டோம். தியரியை நீயேதான் படிக்கணும். பரீட்சைக்கு நான் துணைக்கு வந்தாலும் பிரயோஜனமில்ல, எனக்கே பாதி மறந்துபோச்சு. ஆனா பலகையில பேர் இருந்தா பறக்க வைப்பேன்."

"தெரியும் சார். கணக்குப் போட்டுட்டுத்தான் வந்தேன்."

மூன்று மணிக்கு வர வேண்டிய மாணவர் சளி என்று சொல்லியிருந்தார். அந்த இடம் அவளுக்குக் கிடைத்தது. அன்றைக்கு ஷிஃப்டில் இருந்த சக ஊழியர் அந்த விமானத்துக்குப் பெட்ரோல் போட வந்தபோது, அவள் இடது பக்க இருக்கையில் பட்டை மாட்டி உட்கார்ந்திருந்ததைப் பார்த்து ஏணியிலிருந்தே வணக்கம் வைத்தாராம். மூன்று பன்னிரண்டுக்கு விமானம் தரையைவிட்டு எழும்பியது. ஆயிரத்து ஐந்நூறு அடியில் மீசைக்காரர் இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"நான் விட்டுட்டேன். இப்ப நீதான் ஓட்டற."

"நானா சார்?"

"இங்க வேற யாரு இருக்கா?"

பன்னிரண்டு நிமிடம் அவள் ஓட்டினாள். இடது பக்கம் ஒரு திருப்பம், வலது பக்கம் இரண்டு. வலது பக்கத்தில் முதல் தடவை மூக்கு கீழே போனது. இரண்டாவது தடவை போகவில்லை. இறங்கியபோது மணி நான்கு இரண்டு. கதவைத் திறந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, நாளைக்குக் காலையில் எந்த நேரம் காலியாக இருக்கிறது என்பது.

"ஆறரை இருக்கு, எட்டு இருக்கு. எது வேணும்?"

அவளுக்குச் சனிக்கிழமை மதிய ஷிஃப்ட். இரண்டும் வேண்டும் என்றாள். மீசைக்காரர் பலகையில் பதின்மூன்றாவது பெயரை எழுதி, அதற்கு நேரே இரண்டு கட்டத்திலும் கோடு போட்டார்.