ஒரே பானை

பியர்பொன்ட்ஸ் நகரில், மகன் வீட்டில், பிரேசில்காரி மருமகள் வைத்த கறுப்பு அவரைக் குழம்பில் பன்றிக் காது நான்கு துண்டு. கோப்பை ஓரத்தில் ஆரஞ்சுத் தோடம்பழ வட்டங்கள் ஆறு. அந்த மணத்தோடு, இடிக்கப்பட்டுவிட்ட மட்டக்களப்புப் பாடசாலை விடுதியின் சாப்பாட்டு மண்டபம், பன்னிரண்டு வாங்குப் பலகைகளும் தகரத் தட்டுகளின் சத்தமுமாக, சனிக்கிழமைதோறும் கௌபிப் பயறும் பன்றிக் காதும் கொதித்த பானையோடு திரும்பி வந்தது. நல்ல இறைச்சியை விடுதியை நடத்திய பாதிரிச் சாமிமார் தின்றுவிட்டு மிச்சத்தை எங்களுக்குத் தருகிறார்கள் என்று நம்பியிருந்தோம்.

"அவைக்கும் இதே பானைதான், தம்பி," என்பார் சமையல்காரர் சூசை.

"சும்மா கதைக்காதேங்கோ அண்ணை!"

நான் ஒருநாளும் காதைத் தொடவில்லை.

"அடிமைகளுக்கு எறிந்த மிச்சத்தில் பிறந்த குழம்பு என்பார்கள், பொய். எசமான்களும் காதை ஆசையாகத் தின்றவர்கள்தான்," என்றாள் மருமகள் பிரெஞ்சில்.

அறுபத்திரண்டு வருடக் கோபம். மன்னிப்புக் கேட்கச் சூசை அண்ணை இல்லை. ஒரு காதுத் துண்டு எடுத்தேன். மூன்று மிஞ்சின.