காலைப் பார்த்த டாங்க்ஸ்

மூன்று நங்கூரம் மதுக்கடையில் நான் வேலைக்குச் சேர்ந்த பிறகு மூன்று முதலாளிகள் வந்து போனார்கள். கிழவர் பர்ஸ்லோ தன் சரக்கைத் தானே குடித்துச் செத்தார். அவர் மனைவி இரண்டு வருஷம் நடத்திப் பார்த்துவிட்டு, போதுமடா சாமி என்று மகள் வீட்டோடு போய்விட்டாள். மூன்றாமவர்தான் சைலஸ் டாங்க்ஸ். நல்ல மனுஷன். நல்ல மனுஷனுக்கு மதுக்கடை எதற்கு என்று கேட்காதீர்கள், எனக்குக் கோபம் வரும்.

போதையில் இருப்பவனுக்கு ஊற்றினாலும் குற்றம், அவனை உள்ளே உட்காரவிட்டாலும் குற்றம். டாங்க்ஸ் வந்த முதல் வருஷமே, மூலையில் சாய்ந்து கிடந்த ஒருவனைக் கான்ஸ்டபிள் பார்த்துவிட, உரிமத்தில் ஒரு குறிப்பு ஏறிவிட்டது. இன்னொன்று ஏறினால் கடை போச்சு. மனைவி பிள்ளைகளோடு அவர் குடியிருந்ததும் அதே கட்டிடத்து மாடியில்தான் என்பதால் கூரையும் சேர்ந்து போகும். அன்றிலிருந்து கதவு திறந்தால் டாங்க்ஸ் வருகிறவனின் முகத்தைப் பார்க்கமாட்டார், காலைப் பார்ப்பார். கால் தள்ளாடினால் எழுந்து வந்து, தோளைப் பிடித்து, மரியாதையாக வாசலுக்கு வெளியே கொண்டுபோய் விடுவார்.

ஜனவரி மாதம், பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், சங்கிலிப் பட்டறையில் வேலை செய்யும் ரூபன் ஹேடன் உள்ளே வந்தார். கால் பின்னியது. ஏதோ சொல்ல வாயெடுத்தார், நாக்கு குழறியது. அடுப்புப் பக்கம் கையைக் காட்டினார்.

"பொழுது சாயறதுக்குள்ளயே இப்படியா ரூபன் அண்ணே? பட்டறையில இன்னிக்குச் சம்பளத்துக்குப் பதிலா பீரை ஊத்திட்டாங்களா?" என்று கேட்டேன். ஆமாம், நான்தான் கேட்டேன். கடையே சிரித்தது. டாங்க்ஸ் வந்து அவர் தோளைப் பிடித்தார். வீட்டுக்குப் போய்ப் படு, நாளைக்கு வா என்று சொல்லி வெளியே விட்டுக் கதவைச் சாத்தினார்.

ஒரு மணி நேரம் கழித்து நாலு பேர் ரூபனைப் பலகையில் வைத்துத் தூக்கி வந்தார்கள். கால்வாய்ச் சுவரோரம் பனியில் செத்துக் கிடந்தாராம். இப்படிச் செத்தவர்களை எங்கள் ஊரில் பக்கத்து மதுக்கடைக்குத்தான் கொண்டுவருவார்கள். சாவு விசாரணையும் அங்கேயே நடக்கும். எனவே டாங்க்ஸ் தானே வெளியே அனுப்பிய ஆளைத் தன் பின்கட்டிலேயே கிடத்தி, துணி போர்த்தி, இரண்டு நாள் பூட்டி வைக்கவேண்டியதாயிற்று.

விசாரணை எங்கள் மாடிக் கூடத்தில் நடந்தது. மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருக்கிறது, வயிற்றில் ஒரு சொட்டு மது இல்லை என்றார் டாக்டர். அடுப்பருகே படுக்கவைத்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று ஜூரியில் ஒருவர் கேட்டதற்கு, சொல்லமுடியாது என்றார். இயற்கை மரணம், கடைக்காரர் சட்டப்படிதான் நடந்துகொண்டார் என்று தீர்ப்பாயிற்று. பன்னிரண்டு ஜூரிகளும் கீழே இறங்கி வந்து ஆளுக்கொரு குவளை வாங்கிக் குடித்தார்கள். ஊற்றிக் கொடுத்தவள் நான்.

ரூபனின் மனைவி மெர்சி அழவில்லை. நேராக டாங்க்ஸிடம் வந்தாள்.

"இத்தனை வருஷமா பீப்பாய்க்கு நடுவுல நிக்கிறீங்களே ஐயா. அவர் வாயை மோந்து பாத்திருந்தாலே தெரிஞ்சிருக்குமே."

அதன்பிறகு டாங்க்ஸ் யாரையும் வெளியே அனுப்பவில்லை. விஷயம் காலிப்பயல்களுக்குத் தெரிய எத்தனை நாளாகும்? வேறு கடைகளில் விரட்டப்பட்டவன் எல்லாம் எங்கள் பெஞ்சில் வந்து விழுந்தான். டாங்க்ஸ் ஒவ்வொருவனுக்கும் தலைக்கு மூட்டை வைத்து, நெற்றியைத் தொட்டுப் பார்த்து, மூச்சு வருகிறதா என்று குனிந்து கவனிப்பார். அவர் மனைவி ஃபீபி கெஞ்சினாள். நான் சண்டையே போட்டேன். இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டார்.

அக்டோபரில் கான்ஸ்டபிள் வந்தார். பெஞ்சில் ஒரு நிலக்கரிப் படகுக்காரன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். இரண்டாவது வழக்கு.

அவன் போதையில் இருந்தது தெரியாது என்று சொன்னால் தப்பிக்க வழியுண்டு என்றார் வக்கீல். கோர்ட்டு வாசலில் ஃபீபி டாங்க்ஸின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏங்க, தெரியாதுன்னு ஒரே வார்த்தை. பிள்ளைங்களுக்காகவாவது சொல்லிடுங்க."

சொன்னார். நீதிபதி கேட்டதும், "தெரியாதுங்க" என்றார். ஃபீபி மூச்சு விட்டாள். அதோடு வாயை மூடியிருக்கலாம் அல்லவா, அந்த மனுஷன்?

"யாருக்குப் போதை, யாருக்கு உடம்பு முடியலைன்னு எனக்குச் சொல்லத் தெரியாதுங்க. தெரியும்னு நெனச்சுத்தான் ரூபனை வெளிய விட்டேன்."

நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அதைக்கூடப் பிரிச்சுப் பாக்கத் தெரியாதவர் எப்படி மதுக்கடை நடத்தமுடியும், டாங்க்ஸ்?"

"நடத்தமுடியாதுங்க ஐயா" என்றார் டாங்க்ஸ்.

பக்கத்தில் ஃபீபி என் மணிக்கட்டை இறுகப் பிடித்திருந்தாள். உரிமத்தை ரத்து செய்ததாக எழுத்தர் வாசித்தபோது, அவள் பிடி மெல்ல விட்டுப்போனது.