தெற்கு வாசல்

மெல்போர்னில் ஒரு பழைய கருங்கல் தேவாலயத்தைச் சுற்றிப் பார்க்க நானும் கணவரும் போயிருந்தோம். இங்கிலாந்தின் இடைக்காலக் கிராமத் தேவாலயம் ஒன்றை அப்படியே பார்த்துக் கட்டியதாம். தடித்த சுவர்கள், கூர்முனை வளைவுகள், தெற்கே வாசல் மண்டபம். அந்த மண்டபத்தில் நின்றபோது குளிர் எலும்பைத் தொட்டது.

சுற்றிக் காட்டிய பெண்மணி சிரித்தார். இங்கிலாந்தில் வெயில் தெற்குப் பக்கம் விழும், அதனால் அங்கே வாசலைத் தெற்கே வைத்தார்கள். பூமியின் தென்பாதியான இங்கே வெயில் வடக்கே விழும் என்பதைக் கட்டியவர்கள் யோசிக்கவே இல்லை என்றார்.

நான் கணவரைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார். புறநகரான பொயிண்ட் குக்கில் எங்கள் வீட்டைக் கட்டும்போது, "தெக்குப் பக்கம் ஜன்னல் வச்சாத்தான் தென்றல் வரும்" என்று ஒற்றைக்காலில் நின்றவர் அவர். வந்தது அண்டார்டிகாக் காற்று. எட்டு வருடமாக அந்த ஜன்னலை நாங்கள் திறந்ததில்லை. அவர் தப்பை ஒப்புக்கொண்டதும் இல்லை.

கதையைச் சொன்னேன். அந்த அம்மாள் கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, "அப்புறம் என்ன செய்தீர்கள்?" என்றார்.

"ஹீட்டர் வாங்கினோம்."

அந்த அம்மாள் மண்டபத்து மூலையைக் காட்டினார். அங்கேயும் ஒரு ஹீட்டர்.

கணவரின் முகம் மலர்ந்தது. "பாத்தியா, சாமி வீட்டுக்கே தெக்குலதான் வாசல் வச்சிருக்காங்க."