'நே'யில் நின்றுபோனவள்

நேசபாய்க்குத் தன் பெயரைச் சொல்ல வராது. 'நே' வரும், அதற்குமேல் நாக்கு திக்கி நின்றுவிடும். அதனால் வெளியூரில் யார் கேட்டாலும் தங்கையின் பெயரைச் சொல்லிவிடுவாள். இரணியலில் அவளிடம் ரேந்தை என்கிற லேஸ் பின்னல் வாங்கும் பெண்களுக்கெல்லாம் அவள் ராஜபாய்தான்.

ஐம்பத்திரண்டாம் வருடத் தேர்தலில் அந்தப் பழக்கமே அவளை மாட்டிவிட்டது. வாக்குச்சாவடி மேசையில் அதிகாரி பெயர் கேட்டதும் நாக்கு முந்திக்கொண்டு "ராஜபாய்" என்றது.

"ராஜபாய் காலத்தயே வந்து போட்டாச்சே!" கட்சிக்காரன் ஒருவன் துள்ளி எழுந்தான். "கள்ள ஓட்டு! நீ ஆருட்டி?"

"நே... நே..."

"நேத்தே வந்து போட்டியா?"

வரிசை முழுவதும் சிரித்தது. போலீஸ்காரர் அவளை வராந்தா பெஞ்சில் உட்காரவைத்தார். எழுந்து போகவும் முடியாது, வாய் திறந்து விளக்கவும் முடியாது. ஓட்டுப் போட்டுவிட்டு வந்த நெசவுக்காரர் ஒருவர் பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தார்.

"எனக்கு 'க'தான் சத்துரு, தங்கச்சி. க்... க்... காப்பின்னா உசிரு. சொல்ல வராததினால வருசக்கணக்கா சாயாதான்."

ஞானதாசன் என்று பெயர் சொன்னார். தன்னைப்போல் திக்குகிறவர்கள் நாலு பேர் ஞாயிறு மத்தியானம் தன் தறிப்புரையில் வந்து இருப்பார்கள் என்றார்.

அதற்குள் அண்ணன் செல்வதாஸ் ஓடிவந்தான். "பேச்சு வராத பிள்ளையாக்கும் சார், விட்டிருங்க" என்று கெஞ்சி அழைத்துப்போனான். ஓட்டு போகட்டும், அண்ணன் தன்னை ஊமையாக்கிவிட்டதுதான் அவளுக்கு ஆறவில்லை.

ரேந்தை கொடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டு ஒரு ஞாயிறன்று தறிப்புரைக்குப் போனாள். தறிகள் ஓய்ந்திருந்தன. பப்படம் விற்கும் பகவதியம்மாள் நகர்ந்து இடம் கொடுத்தாள்.

"அ... அன்னைக்கு நீ ஆருக்குப் போடணும்னு இருந்த, மக்கா?"

இதை அவளிடம் யாரும் கேட்டதில்லை. பதில் சொல்லத் தொடங்கினாள், பாதியில் நின்றது. வழக்கம்போல யாராவது முடித்துவைப்பார்கள் என்று பார்த்தாள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. சும்மா காத்திருந்தார்கள். அவளுக்கு ஓடிவிடலாமா என்றிருந்தது. ஆனால் சொல் வந்தது. அதன் பின்னால் மற்றதும் வந்தது. அன்று பொழுது சாயும்வரை பேசினாள்.

சில வாரங்களில் இது செல்வதாஸின் காதுக்கு எட்டியது. "ஆம்பிளையளுக்க நடுவுல ஒனக்கு என்னட்டி பேச்சு?" என்று முற்றத்தில் மறித்தான்.

"ம... ம..."

"மன்னிச்சிரு அண்ணேன்னுதானே? சரி, உள்ள போ."

திருப்தியாகத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அவன் தெருவில் இறங்கினான். அவள் இன்னும் அதே எழுத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"...மறுபடியும் போவேன்" என்று அவள் முடித்தபோது முற்றத்தில் கோழிகள்தான் நின்றன.

அடுத்த ஞாயிறும் போனாள்.