ரெண்டு வீலும் இழுக்கிற வண்டி

ஞாயிற்றுக்கிழமைகளில் துணி துவைப்பது வீட்டுக்காரர் வேலை. ஒரு கண்ணில் பார்வை போய், இனி லைசென்ஸ் கிடையாது என்று சொல்லிவிட்ட பிறகு அவராக இழுத்துப் போட்டுக்கொண்டது அது. காலர் அழுக்கைக் கட்டைவிரலால் தேய்ப்பார். சட்டையை உள்பக்கம் வெளியே திருப்பித்தான் உதறுவார். அதில் ஒரு குறை கண்டுபிடித்துவிட வேண்டுமென்று அவர் மனைவி வேன் அக்கா ஆறு வருஷமாக முயன்று தோற்றுக்கொண்டிருந்தாள்.

தெருவுக்கே அவள் வேன் அக்கா. அவர் விட்ட ஸ்டியரிங்கை நாற்பத்திரண்டு வயதில் பிடித்தவள். காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள், மத்தியானம் வீடு மாறுகிறவர்களின் கட்டில் பீரோ. சாவி போடுவதற்கு முன்னால் டேஷ்போர்டை இரண்டு தட்டு தட்டுவாள். அது வண்டிக்கு அவள் சொல்லும் நன்றி.

காரணம் இருந்தது. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால், மகள் பிறந்த அன்று, வெளியே மழை வெளுத்து வாங்கியது. ஆஸ்பத்திரி ஏற்றம் முழுக்கச் சேறு. முன்னால் போன இரண்டு வண்டிகள் சறுக்கி ஓரமாக நின்றுவிட்டன. இந்த வேன் மட்டும் முக்கி முனகி மேலே ஏறியது. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அவள் வண்டி எப்படி ஏறியது என்று கேட்டபோது அவர் சொன்னார்: "சாதாரண வண்டின்னா சேத்துல மாட்டுன வீல் மட்டும் சும்மா சுத்தும், இன்னொண்ணு வேடிக்கை பாக்கும். இது லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல். ரெண்டு வீலும் சேந்து இழுக்கும்."

அன்றிலிருந்து முன்சீட்டில் ஏறுகிற எல்லோருக்கும் அவள் அந்தக் கதையைச் சொல்லிவிட்டாள்.

இப்போது பள்ளிக்கூடம் சொந்தமாக பஸ் வாங்கிவிட்டது. அடுத்த மாசத்திலிருந்து வேனுக்கு வேலை இல்லை. வேறு வேலை கிடைக்காவிட்டால் வண்டியை விற்கத்தான் வேண்டும். குன்றின் மேலிருக்கும் முதியோர் இல்லத்தில் நர்சுகளை ஏற்றி இறக்க வேன் தேடினார்கள். கடைசிப் பகுதி மண் சரிவு. இது ரெண்டு வீலும் இழுக்கிற வண்டி, மழையிலும் ஏறும் என்று வேன் அக்கா போய்ச் சொன்னாள். "போன தடவை வந்தவரும் ஏறும்னுதான் சொன்னாரு. முதல் மழையில பாதி வழியில நின்னுட்டாரு. நல்லா சோதிச்சுட்டு மத்தியானத்துக்குள்ள சொல்லுங்க" என்றார் அங்கிருந்த மேலாளரம்மா.

எந்த வகை டிஃபரன்ஷியல் என்று பொறித்துப் பின் அச்சில் ஒட்டியிருந்த தகரச் சீட்டு துருவேறி எழுத்தழிந்து கிடந்தது. அதனால் ஷெட்டில் வண்டியின் முன் வீல்களுக்குக் கட்டை கொடுத்து, பின்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தினாள். கியரை நியூட்ரலில் போட்டு ஹேண்ட் பிரேக்கை விட்டாள். ஒரு வீலைக் கையால் சுற்றினால் அடுத்ததும் அதே பக்கம் சுற்ற வேண்டும். எதிர்ப்பக்கம் சுற்றினால் சாதாரண டிஃபரன்ஷியல். ஒரு ஆளால் இரண்டு பக்கமும் பார்க்க முடியாது.

"ஏங்க, சோப்பைக் கீழ வச்சுட்டு வாங்க."

"தெரிஞ்ச விஷயத்துக்கு என்ன சோதனை?"

"எனக்குத் தெரியும். அந்தம்மாவுக்குத் தெரிய வேணாமா?"

ஈரக் கையைத் துடைத்தபடி வந்து வலப்பக்க வீல் அருகே முக்காலியில் உட்கார்ந்தார். அவள் இடப்பக்க வீலை முன்னோக்கிச் சுற்றினாள்.

"என்ன ஆச்சு?"

அவள் வீலை இன்னொரு சுற்று சுற்றினாள்.

"தூங்கிட்டீங்களா? எந்தப் பக்கம் சுத்துது?"

வண்டிக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறதென்று அவளுக்குத் தெரியாது. அவர் என்ன சொன்னாலும் அதுதான்.

"பின்னாடி" என்றார்.

"மறுபடி பாருங்க."

"எத்தனை தடவை பாத்தாலும் பின்னாடிதான். வாங்குன மாசமே எனக்குத் தெரியும்."

அவள் வண்டியைச் சுற்றிக்கொண்டு வந்தாள். "பத்தொன்பது வருஷமா ஊரெல்லாம் தம்பட்டம் அடிச்சிருக்கேன்!"

"அன்னைக்கு ஆஸ்பத்திரியில உங்கண்ணன் நம்ம வண்டியைப் பழைய இரும்புன்னு சிரிச்சான். வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன். அப்புறம் நீ இதைத் தட்டிக் குடுக்க ஆரம்பிச்சுட்டே. எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு சொல்றது?"

"அப்ப அன்னைக்கு எப்படி ஏறுச்சு?"

"ஹேண்ட் பிரேக்தான். லேசாப் பிடிச்சா வழுக்குற வீல் அடங்கும். அடுத்த வீலுக்கும் இழுவை போகும். பிடியும் ஆக்சிலேட்டரும் ஒண்ணா இருக்கணும். கூடிப்போச்சுன்னா நின்னுடும், குறைஞ்சா சறுக்கும். மழைக்காலம் முழுக்க அப்படித்தான் ஓட்டினேன்."

பின் பிரேக் ஷூ ஏன் வருஷா வருஷம் தேய்கிறது என்று அவள் எத்தனை தடவை அவரைத் திட்டியிருக்கிறாள்! ஒரு தடவை மெக்கானிக்கின் முன்னாலேயே, காலுக்கு என்ன கோளாறு என்று கேட்டிருக்கிறாள். அப்போதும் அவர் தலையைச் சொறிந்துகொண்டுதான் நின்றார். அந்தச் சேற்றில் அவள் அலறிக்கொண்டிருக்க, ஒரு கை ஸ்டியரிங்கிலும் ஒரு கை பிரேக்கிலுமாக அவளை மேலே கொண்டுபோனது இந்த மனுஷன். அவள் தட்டிக்கொடுத்ததோ டேஷ்போர்டை.

அவரை அங்கேயே விட்டுவிட்டுச் சமையலறைக்குள் போய் போனை எடுத்தாள்.

"அம்மா, நான் சொன்னது தப்பு. சாதாரண டிஃபரன்ஷியல்தான். ஆனா அதை வச்சே சேத்துல ஏத்தத் தெரிஞ்சவரு எங்க வீட்டுல இருக்காரு. நாளைக்கு அவரைப் பக்கத்துல உக்கார வச்சு நானே ஏத்திக் காட்டறேன். ஏறலைன்னா நீங்க வேற வண்டி பாருங்க."

அந்தப் பக்கம் மேலாளரம்மா நாற்காலியை நகர்த்தும் சத்தம் கேட்டது. "இருங்க, கேட்டுட்டு வர்றேன்."

அவள் போனைக் காதில் வைத்தபடி நின்றாள். வீட்டுக்காரர் பிழிந்த துணி வாளியோடு வாசற்படியில் வந்து நின்றார். அவள் போனில் சொன்னது எதுவும் அவர் காதில் விழுந்திருக்கவில்லை.

"கோவமா?" என்றார்.

அதே நேரத்தில் போனில் குரல் திரும்பி வந்தது. "பத்து மணிக்கு வாங்க. நேத்துப் பெஞ்ச மழையில சரிவு இன்னும் காயலை. அதுதான் நல்லது, பாத்துடலாம். அவரையும் கூட்டிட்டு வாங்க. அவரு பேரு என்ன, வாட்ச்மேன்கிட்ட சொல்லி வைக்கிறேன்."

வேன் அக்கா ஒரு விரலைத் தூக்கி, போகாதீங்க என்று அவருக்குச் சைகை காட்டினாள். அது அவருக்குப் பார்வை போன கண் இருந்த பக்கம்; விரல் அவருக்குத் தெரியவில்லை. அவர் சற்று நேரம் காத்திருந்து பார்த்தார். பிறகு வாளியைக் கை மாற்றிக்கொண்டு, துணி உலர்த்தப் பின்பக்கம் போனார்.