பச்சை நோட்டில் ஐந்து நிமிடம்

என் தம்பிக்குப் பொய் சொல்ல வராது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவள் நான். கோர்ட்டில் சாட்சிகள் சொல்வதை டைப் அடிப்பது அவன் வேலை. ஓர் எழுத்து மாறாது. சாட்சி இருமினால் அதையும் சேர்த்து அடித்துவிடுவான் என்று வக்கீல்கள் கிண்டல் செய்வார்கள்.

அவன் மனைவிக்கு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. எழுதாதது நடக்காதது என்பது அங்கே சட்டம். குழந்தை பிறந்ததும் அந்தச் சட்டத்தை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டாள். பச்சை அட்டை போட்ட ஒரு நோட்டு: எத்தனை மணிக்குத் தொட்டிலில் போட்டது, எவ்வளவு நேரம் அழுதது, எப்போது தூங்கியது. விழித்திருக்கும்போதே தொட்டிலில் விட வேண்டும், அழுதால் பக்கத்தில் உட்கார்ந்து தட்டிக் கொடுக்கலாம், தூக்கக் கூடாது, தானாகத் தூங்கப் பழக வேண்டும். இது அவள் கட்சி. "அழவிட்டு வளக்க அது என்ன கைதியா?" என்பது என் தம்பியின் கட்சி. இருவருமே பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ரகம். நாலாம் மாதம் முழுக்க அந்த வீட்டில் இதே சண்டை. முற்றிப்போய் ஒரு வாரம் முகம் பார்த்துப் பேசவில்லை.

பிறகு அவள் வேலைக்குத் திரும்பினாள். இவன் சாட்சிகளின் ஒலிப்பதிவைக் கேட்டு அடிக்கிற வேலையாக வீட்டுக்கே வாங்கிக்கொண்டு பகலில் குழந்தையைப் பார்த்துக்கொண்டான். மாலையும் இரவும் அவள் முறை. சண்டை சட்டென்று ஓய்ந்துபோனது.

"அவரு மாறிட்டாரு அண்ணி. தொட்டில்ல போட்டா அஞ்சே நிமிஷத்துல தூங்கிடுதாம்," என்றாள் என்னிடம். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அந்தச் சிரிப்பு சரியில்லை என்று எனக்கு அப்போதே பட்டிருக்க வேண்டும்.

ஒரு மதியம் சொல்லாமல் போய் நின்றேன். குழந்தையைத் துணியால் நெஞ்சோடு கட்டிக்கொண்டு இவன் டைப் அடித்துக்கொண்டிருந்தான். அது வாயைத் திறந்துபோட்டு, அப்படி ஒரு தூக்கம். பக்கத்தில் பச்சை நோட்டு. '12.30. தொட்டில். ஐந்து நிமிடம்.'

"என்னடா இது?"

"மெதுவா பேசுக்கா. இதுவும் தூங்குது, அவளும் நிம்மதியா இருக்கா. யாருக்கு என்ன நஷ்டம்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தம்பி ஆயிற்றே. வாயை மூடிக்கொண்டு வந்தேன். அதற்காக இன்றைக்கும் என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

மூன்று மாதம் முழுப் பூசணிக்காய் சோற்றுக்குள் இருந்தது. எட்டாம் மாதம் அவனைக் கோர்ட்டுக்கே வரச் சொல்லிவிட்டார்கள். குழந்தையைக் காப்பகத்தில் விட்டார்கள். மூன்றாம் நாள் அங்கிருந்த ஆயா இவளுக்குப் போன் செய்தாள். "தொட்டில்ல போட்டா வாந்தி எடுக்குற வரைக்கும் அழுவுதும்மா. இப்படியே போனா எங்களால வச்சுக்க முடியாது." இவள் நம்பவில்லை. அத்தாட்சிக்குப் பச்சை நோட்டையே கொண்டுபோய்க் காட்டியிருக்கிறாள். ஆயா நாலு பக்கம் புரட்டிவிட்டு, "இதை எழுதினது யாரு?" என்று மட்டும் கேட்டாளாம்.

அன்று மாலை நானும் அந்த வீட்டில் இருந்தேன். குழந்தை உள்ளறையில் களைத்துப்போய்த் தூங்கிக்கொண்டிருந்தது.

"ஒரு நாளாவது தொட்டில்ல தூங்குச்சா?" என்று கேட்டாள்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"லேப்ல தினமும் ஒரே ரீடிங் வந்தா மெஷின் கெட்டுப்போச்சுன்னு சொல்லிடுவேன். இங்க உங்களைச் சந்தேகப்படத் தோணல. என்னைத்தான் சந்தேகப்பட்டேன்." நோட்டைத் திருப்பித் தன் கையெழுத்தைக் காட்டினாள். '7.00. தொட்டில். நாற்பது நிமிடம் அழுதது.' அடுத்த நாள் முப்பத்தைந்து. அடுத்த நாள் ஐம்பது. "உங்ககிட்ட அஞ்சு நிமிஷம், என்கிட்ட நாப்பது. பெத்தவளையே புடிக்கலையோன்னு லேப் பாத்ரூம்ல போய் அழுதிருக்கேன். மூணு மாசமா."

"சண்டை வேணாம்னுதான்..."

"சண்டையே போட்டிருக்கலாம்."

பிறகு என் பக்கம் திரும்பினாள். "உங்களுக்குத் தெரியுமா அண்ணி?"

"ஒரு தடவை பாத்தேன்," என்றேன். அவள் தலையை ஆட்டினாள், அவ்வளவுதான். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

உள்ளே குழந்தை அழ ஆரம்பித்தது. தம்பி எழுந்தான், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தான். அவளே போனாள். தன் சட்டத்தை மீறித் தூக்கிக்கொண்டு வந்தாள். முதுகைத் தட்டினாள், தோள் மாற்றினாள், காதோடு ஏதோ சொன்னாள். குழந்தை வீறிட்டுக்கொண்டே அவன் சட்டைப் பக்கம் சாய்ந்து சாய்ந்து விழுந்தது. கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அவனிடம் கொடுத்துவிட்டாள்.

அது அவன் தோளில் முகத்தைப் புதைத்து ஒரு தடவை விம்மியது, அடங்கிவிட்டது.

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். பேனாவை எடுத்து நோட்டில் எழுதினாள். '6.20. அப்பா தோள். ஒரு நிமிடம்.'